கண்ணாடி இறங்குகிறது, ஏற மாட்டேன் என்கிறது (பழைய ஸ்போர்ட்ஸ் கார், ஓட்டுநர் பக்க ஸ்விட்ச்)

கீழவாசல்காரன் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். என்னிடம் இருப்பது பதினெட்டு வயதான, இரண்டு கதவு, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். மூன்றாவது கை. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப்போவதில்லை. மதுரையில் அந்த வண்டியின் பெயரைச் சொல்வதும் என் வீட்டு முகவரியைச் சொல்வதும் ஒன்றுதான். கண்ணாடி ஸ்விட்சுகள் கதவில் இல்லை. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, கியருக்குப் பின்னால் இருக்கின்றன. கதவுக்கு மேல் சட்டம் கிடையாது, கண்ணாடி தனியாக நிற்கும்.

நேற்று விருதுநகரிலிருந்து திரும்பும்போது கப்பலூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிக்கவில்லை. ஊழியர் கையில் கருவியோடு வந்தார். பேசுவதற்காகக் கண்ணாடியை இறக்கினேன். இறங்கியது. பிறகு ஏறவே இல்லை. ஐந்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. வலது தோள் சொட்டச் சொட்ட, திருப்பரங்குன்றம் மலையைப் பார்த்து முருகா முருகா என்று வீடு வந்து சேர்ந்தேன். இப்போது கதவில் உரச்சாக்கைக் கட்டி வைத்திருக்கிறேன். இந்த வண்டிக்கு உரச்சாக்கு! பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். ஸ்விட்ச், மோட்டார் இரண்டையும் மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர ஐந்து வாரம் ஆகும், 31,000 ரூபாய் என்றார்கள். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்ன செய்யட்டும்?


வைகைக்கரை | ஞாயிறு இரவு 9.52

மாற்றிவிடுங்கள். யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாது.


பசுமலை | ஞாயிறு இரவு 10.30

தம்பி, பணத்தை எடுத்து உள்ளே வையுங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் சும்மா இருப்பவன். எனக்கு மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்.

இருட்டில் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, ஏற்றும் பக்கம் அழுத்துங்கள். விளக்கு ஒரு கணம் மங்குகிறதா? கதவில் காதை வைத்தால் உள்ளே ஏதாவது 'டொக்' என்கிறதா? இடது பக்கக் கண்ணாடி எப்படி இருக்கிறது?

விளக்கு மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, மோட்டாரோ அதன் இழுவைக் கம்பியோ இறுகிக் கிடக்கிறது என்று பொருள். மங்கவே இல்லையென்றால் கரண்ட் வழியிலேயே நின்றுவிட்டது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. பட்டறைக்காரர் இதையாவது பார்த்திருக்கலாம்.


கீழவாசல்காரன் | ஞாயிறு இரவு 10.55

நன்றி அண்ணே. பார்த்துவிட்டு வந்தேன். ஏற்றும் பக்கம் அழுத்தினால் விளக்கு அசையவில்லை, சத்தமும் இல்லை. இறக்கும் பக்கம் அழுத்தினால் விளக்கு மங்குகிறது, 'டொக்' என்றும் கேட்கிறது. கண்ணாடிதான் ஏற்கெனவே அடிவரை இறங்கிவிட்டதே. இடது பக்கம் ஏற்றம் இறக்கம் இரண்டும் ஒழுங்கு.


திருநகர் | திங்கள் காலை 7.15

ஸ்விட்சின் மேல் பழியைப் போடும் முன் ஒரு நிமிடம். எனக்கும் இப்படித்தான் ஆனது. ஸ்விட்சை மாற்றி 4,000 ரூபாய் தண்டம் அழுதேன். கடைசியில் பார்த்தால் கதவுக்கும் வண்டி உடலுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதே, அதற்குள் வயர் அறுந்திருந்தது. கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, உள்ளே செம்பு இற்றுவிடுகிறது. மேல்தோல் மட்டும் முழுசாக இருந்து நம்மை ஏமாற்றுகிறது. கதவை மெல்ல ஆட்டிக்கொண்டே ஸ்விட்சை அழுத்திப் பாருங்கள்.


பசுமலை | திங்கள் காலை 8.05

திருநகர் அம்மா சொல்வது மிகவும் சாதாரணமாக வருகிற கோளாறு. கதவில் எது ஓடவில்லை என்றாலும் நானும் முதலில் அந்த ரப்பரைத்தான் பிதுக்கிப் பார்ப்பேன். ஆனால் தம்பி வண்டியில் அது இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

மோட்டாருக்குப் போவது இரண்டே வயர். சிவப்பு, பச்சை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் வேறு நிறமாக இருக்கும். அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில், யாரும் தொடாதபோது இரண்டு வயரும் ஸ்விட்சுக்குள் எர்த்தில், அதாவது பேட்டரி நெகட்டிவ் பக்கம், உட்கார்ந்திருக்கும். ஏற்றினால் சிவப்பு மட்டும் எர்த்தை விட்டு எழுந்து பாசிட்டிவுக்குப் போகும், பச்சை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். இறக்கினால் பச்சை எழும், சிவப்பு உட்காரும். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி. ஒரு முனை மேலே போக வேண்டுமென்றால் மறுமுனை தரையில் ஊன்றியிருக்க வேண்டும்.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அதே இரண்டு வயர்தான், அதே மோட்டார்தான், அதே ஃப்யூஸ்தான். அதில் எது அறுந்திருந்தாலும் இரண்டு பக்கமும் செத்திருக்கும். இறங்கும் பக்கம் உயிரோடு இருப்பதால் அத்தனை பேரும் குற்றமற்றவர்கள். மிச்சம் ஸ்விட்சுக்குள் இருக்கும் இரண்டு பாயின்ட். சிவப்பு எழுந்து போய்த் தொடும் பாசிட்டிவ் பாயின்ட் ஒன்று, பச்சை உட்கார்ந்திருக்கும் எர்த் பாயின்ட் ஒன்று. எர்த் பாயின்ட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. எனக்கு எப்போதும் அதன் மேல் ஒரு கண் உண்டு.

ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைச் சேருங்கள். ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில். ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றாமல், பின்புறமாக மறுமுனையைப் பச்சை வயரில் தொடுங்கள். ஏற்றும் பக்கம் அழுத்திக்கொண்டே பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் கள்ளன் அகப்பட்டான். முனைகள் எர்த்தில் பட்டுவிடாமல் பார்த்துச் செய்யுங்கள்.


வைகைக்கரை | திங்கள் காலை 8.20

மல்டிமீட்டர் என்று ஒன்று கண்டுபிடித்து நெடுநாள் ஆகிறது பெரியவரே. பல்பெல்லாம் எதற்கு?


யானைமலை | திங்கள் மதியம் 1.10

மல்டிமீட்டர் இந்த இடத்தில் பொய் சொல்லும். இது பெரியவரின் பிடிவாதம் இல்லை, கணக்கு. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம் இருக்கும். அது எடுக்கும் மின்னோட்டம் இல்லாததற்குச் சமம். வழியில் கார்பன் பிடித்து ஆயிரம் ஓம் தடை உட்கார்ந்திருந்தாலும் மீட்டர் சமர்த்தாக 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும், அழுக்கு உடனே வெளிப்பட்டுவிடும். கண்ணாடி மோட்டார் ஓடும்போது அதைவிட அதிகம் இழுக்கிறது. 6 ஆம்பியர் என்று வையுங்கள். பாயின்ட்டில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தால் 6 வோல்ட் அங்கேயே செத்துப்போகும். மோட்டாருக்குப் பாதிதான் மிஞ்சும்.

மீட்டர்தான் வேண்டுமென்றால் மோட்டார் இணைப்பில் இருக்கும்போதே, அழுத்தியபடி அளக்க வேண்டும். கழற்றி அளப்பவர்கள்தான் ஏமாந்துபோய் மோட்டாரை மாற்றுகிறார்கள்.


கீழவாசல்காரன் | திங்கள் இரவு 9.05

இரண்டும் செய்தேன். பல்பு இழையில் செம்மை மட்டும், ஊதுபத்தி முனை மாதிரி. மீட்டரில் மோட்டாரைக் கழற்றி அளந்தால் 12.4 வோல்ட். மாட்டிவிட்டு அழுத்தினால் 3.1. பசுமலை அண்ணே, நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள். நாளை விடுப்பு எடுத்திருக்கிறேன். ஸ்விட்சைத் திறக்கப்போகிறேன்.


திருநகர் | திங்கள் இரவு 9.30

திறக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். நடுப்பெட்டியின் பிளாஸ்டிக் இந்த ஊர் வெயிலைப் பதினெட்டு வருடம் குடித்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் அப்பளம்தான். காலாவதியான ஏடிஎம் அட்டை போதும். ஸ்விட்சைத் திறக்கும்போது ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு திறங்கள். ஏன் என்பது திறந்ததும் தெரியும்.


கீழவாசல்காரன் | செவ்வாய் மாலை 6.20

பைக்குள் கையை விடாமல் திறந்தேன். ஏன் என்பது தெரிந்தது.

ஸ்விட்சின் தலையைக் கழற்றியதும் கடுகைவிடச் சற்றுப் பெரிய எஃகுக் குண்டு ஒன்று துள்ளியது. அதற்குக் கீழே நூல் மாதிரி ஒரு ஸ்பிரிங். குண்டு தரையில் மூன்று முறை குதித்த சத்தம் கேட்டது, பிறகு அமைதி. ஒன்றரை மணி நேரம் தேடினேன். மாமியார் வந்து என்ன தொலைந்தது என்றார், குண்டு என்றேன், அவர் பதறிப்போய்விட்டார். கடைசியில் வாசலில் கழற்றிவிட்டிருந்த என் செருப்பின் விரல் பிடிக்குள் இருந்தது.

உள்ளே இரண்டு பித்தளைத் தகடு, ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. மூன்று முனையில் வெள்ளிப்பூச்சுப் பொட்டு மினுமினுக்கிறது. நான்காவதில் ஒரு பழுப்புப் படலம். டவுன் ஹால் ரோட்டில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்கி, விசிட்டிங் கார்டை நனைத்துத் தேய்த்தேன். உப்புத்தாள் வைக்கவில்லை. வெள்ளிப்பூச்சு போய்விட்டால் பிறகு கடவுள்தான் என்று எங்கோ படித்திருந்தேன். எல்லாவற்றையும் மாட்டி, அழுத்தினேன். கண்ணாடி ஏறியது! மூன்று நாளுக்குப் பிறகு உரச்சாக்குக்கு விடுதலை. அனைவருக்கும் நன்றி. இந்த உரையாடல் இழையை மூடிவிடலாம்.


பசுமலை | செவ்வாய் இரவு 8.00

பழுப்பா? கறுப்பு இல்லையா?


வைகைக்கரை | செவ்வாய் இரவு 8.10

ஏறிவிட்டது என்கிறார், நிறம் எதற்கு? ஜாதகம் பார்க்கவா?


கீழவாசல்காரன் | வெள்ளி காலை 8.45

இழையை மூட வேண்டாம். மறுபடியும் ஏறவில்லை. ஒரு வேடிக்கை: காலையில் அழுத்தினால் பிணம். மதியம் வெயிலில் நின்ற பிறகு அழுத்தினால் நாலைந்து தடவையில் ஏறுகிறது. ராத்திரி மறுபடியும் பிணம். பேசாமல் 31,000 கட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது.


பசுமலை | வெள்ளி காலை 9.30

கட்டாதீர்கள். தம்பி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த நடுப்பெட்டிப் பக்கம் எறும்பு வருகிறதா?


கீழவாசல்காரன் | வெள்ளி காலை 9.41

வருகிறது. சிற்றெறும்பு. அண்ணே, உங்களுக்கு எப்படி?


பசுமலை | வெள்ளி காலை 10.20

பாயின்ட் தீய்ந்தால் கறுப்பாக இருக்கும். ஸ்விட்சை விடும்போது உள்ளே சின்னப் பொறி பறக்கும், அந்தப் பொறியில் பழைய கிரீஸ் கருகிக் கார்பன் பிடிக்கும். வருடக்கணக்கில் நடப்பது அது. பழுப்பு என்றால் வேறு கதை. வெயிலில் இளகி, காலையில் இறுகுகிறது என்றால் அது மின்சாரக் கோளாறே இல்லை, பலகாரக் கோளாறு. எதைக் கொட்டினீர்கள்?


கீழவாசல்காரன் | வெள்ளி காலை 11.00

நான் இல்லை. மைத்துனன். போன மாதம் இரவு அவனை ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கினோம். வேகத்தடையில் அவன் டம்ளர் சாய்ந்தது. துணியால் துடைத்துவிட்டேன், மேலே சுத்தமாக இருந்தது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் எழுதவில்லை. இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.


திருநகர் | வெள்ளி காலை 11.12

மைத்துனனைக் காப்பாற்றப்போய் 31,000 வரை வந்துவிட்டீர்கள். நல்ல மாமன்.


யானைமலை | வெள்ளி மதியம் 1.30

பருத்திப்பால் என்றதும் எல்லாம் பொருந்துகிறது. நீங்கள் தேய்த்தது வீண் போகவில்லை, ஆனால் தவறான திரவம். சர்க்கரையும் வெல்லமும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைவதில்லை என்றே சொல்லலாம். அவை தண்ணீருக்குத்தான் கட்டுப்படும். நீங்கள் விசிட்டிங் கார்டால் தேய்த்தது வெல்லப்படலத்தை ஓரமாக ஒதுக்கியது, அவ்வளவுதான். தகடு ஆட ஆட அது மறுபடி ஊர்ந்து பாயின்ட்டுக்கு வந்துவிட்டது. பருத்திக்கொட்டையில் எண்ணெயும் உண்டு, அரிசிமாவு வேறு. மின்காப்பு செய்வதற்கு இதைவிட நல்ல கலவையை நாமே யோசித்தாலும் கிடைக்காது.


வைகைக்கரை | வெள்ளி மதியம் 1.45

துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை இடுக்கு வழியாக அடித்தால் ஒரே நொடி. ஏன் இவ்வளவு பாடு?


பசுமலை | வெள்ளி மதியம் 2.30

அடித்தால் ஒரு வாரம் ஓடும். பிறகு அந்த எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசைந்து, வெல்லத்தோடு சேர்ந்து சட்னி ஆகும். என்னிடம் அப்படி வந்த ஸ்விட்சுகளை வாளியில் போடலாம்.

தம்பி, தண்ணீரைக் கண்டு பயப்படாதீர்கள். பேட்டரி கழற்றிய பிறகு, ஸ்விட்சைத் தனியாகப் பிரித்த பிறகு, தண்ணீர் ஒன்றும் செய்யாது. உங்கள் ஸ்விட்சில் தகடும் பொட்டும்தான் என்று நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். உள்ளே சர்க்யூட் போர்டு ஏதாவது ஒட்டியிருந்தால் முதலில் படம் எடுத்து இங்கே போடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், நம் ஊர்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பால் பல் முளைத்த குழந்தைக்கு வாங்கும் மெல்லிய பிரஷ்ஷால் தேயுங்கள். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் மூன்று அலசு. அதற்குப் பிறகுதான் உங்கள் ஆல்கஹால்: இடுக்கில் நிற்கும் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு போகும். இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே. வெயிலில் பானெட் மேல் காய வைத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும்.


யானைமலை | வெள்ளி மதியம் 3.05

ஒன்று சேர்க்கிறேன். திரும்ப மாட்டும்போது குண்டுக்கும் ஆடும் அச்சுக்கும் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் கிரீஸ் குண்டூசித் தலையளவு போதும். சிலிக்கான் கிரீஸ் வேண்டாம். பொறி பறக்கும் பாயின்ட் பக்கத்தில் சிலிக்கான் இருந்தால் அது எரிந்து மணலின் அதே பொருளாகப் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும்.

இன்னொன்று, இது என் சொந்த ஆசை. ஐந்து முனை ரிலே இரண்டு வையுங்கள். ரிலே என்பது சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். 30ஆம் முனை மோட்டார் வயருக்கு, 87 பாசிட்டிவுக்கு, 87ஏ எர்த்துக்கு. ரிலே சுருளுக்கு ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர்தான் தேவை. மோட்டாரின் பாரம் முழுவதும் ரிலேக்குப் போய்விடும், ஸ்விட்ச் அதன் ஆயுளுக்கும் தீயாது.


பசுமலை | வெள்ளி மாலை 5.15

ஐயா சொல்லும் இணைப்பு சரிதான். நானும் பல வண்டிக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தத் தம்பிக்கு வேண்டாம் என்பேன். ஒரே தட்டில் முழுசாக இறங்கும் வசதி இருக்கிறதா தம்பி? சில வண்டியில் கண்ணாடி அடியில் முட்டும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறுவதை ஸ்விட்சே உணர்ந்துதான் தன்னை விடுவித்துக்கொள்ளும். நடுவே ரிலே வந்தால் அந்த உணர்வு போய்விடும். தவிர, பதினெட்டு வருடம் தாங்கிய ஸ்விட்ச் இது. அதைத் தோற்கடித்தது மோட்டார் இல்லை, வெல்லம்.


யானைமலை | வெள்ளி மாலை 5.40

ஒப்புக்கொள்கிறேன், அரை மனதோடு. புது வண்டிகளில் ஸ்விட்ச் வெறும் தகவல் மட்டும் அனுப்பும், அங்கே ரிலேக்கு வேலையே இல்லை என்பதையும் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.


கீழவாசல்காரன் | ஞாயிறு காலை 10.15

ஒரே தட்டில் இறங்கும் வசதி இருக்கிறது அண்ணே. அதனால் ரிலே இல்லை. உள்ளே போர்டு எதுவும் இல்லை, தகடுகள் மட்டும்தான்.

நேற்று இரவு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும், அரை நிமிடத்தில் அந்த நான்காவது பொட்டிலிருந்து பழுப்பு நூல் நூலாகக் கிளம்பியது, டீத்தூள் இறங்குகிற மாதிரி. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தகடுக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத மூலையிலிருந்து ஒரு தேங்காய்ப்பூத் துணுக்கு மிதந்து வந்தது. முகர்ந்து பார்த்தேன். சுக்கு மணம். ஒரு மாதம் கழித்தும்!

மூன்று அலசு, ஆல்கஹால், இரவு முழுவதும் மின்விசிறி. காலையில் மாட்டும் முன் பல்பு வைத்துப் பார்த்தேன், கண் கூசியது. மோட்டாரை மாட்டி அழுத்திக்கொண்டே அளந்தால் 11.6 வோல்ட். கண்ணாடி முன்பைவிட வேகமாகவே ஏறுகிறது. கண்ணாடி உரசும் ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே லேசாக அடித்தேன், அங்கே பாயின்ட் எதுவும் இல்லை என்பதால் யானைமலை ஐயா கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

செலவுக் கணக்கு: ஆல்கஹால் 180, டிஸ்டில்டு வாட்டர் 30, பிரஷ் 40. ஆக 250 ரூபாய். மைத்துனனிடம் வாங்கிவிட்டேன்.


வைகைக்கரை | ஞாயிறு காலை 10.40

மிச்சம் 30,750. பசுமலைப் பெரியவருக்கு ஒரு வேட்டி துண்டாவது வாங்கிக் கொடுங்கள். நானும் அந்த ஸ்ப்ரே விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன்.


பசுமலை | ஞாயிறு காலை 11.30

வேட்டி வேண்டாம். ஒரு நாள் அந்த வண்டியைப் பசுமலைப் பக்கம் கொண்டுவந்து காட்டுங்கள், அப்படி என்ன வண்டி என்று பார்க்கிறேன். பருத்திப்பால் நான் வாங்கித் தருகிறேன். வெளியே நின்று குடிக்கலாம்.


காளவாசல் புதியவர் | திங்கள் மாலை 7.00

வணக்கம், குழுவுக்குப் புதிது. என் வண்டியில், பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியைத் திருப்பும் ஸ்விட்ச் இடதுபுறம் மட்டும் வேலை செய்யவில்லை. மோட்டார் போய்விட்டது என்கிறார்கள். இதே இழையில் கேட்கலாமா?


திருநகர் | திங்கள் மாலை 7.04

கேளுங்கள். ஆனால் முதலில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.